'அரைப்பேர்' பாட்டின் நாலு தட்டு மௌனம்

அந்தச் செவ்வாய்க்கிழமை வானொலியின் கேட்பு அறையில் இருந்தவர்கள் மூன்று பேர். நிகழ்ச்சிக் கட்டுப்பாட்டாளர் பௌசியா மெடம், ஒலிப்பதிவாளர் சற்குணம் அண்ணர், பாட்டு வரிகளை எழுதியெடுக்கும் நான். இல்லாதவர்கள் இரண்டு பேர். ஒருவர் பாட்டைப் பாடிய யோகன். பாடியவரை உள்ளே அழைக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவர் கீழே, பாதுகாப்பு உத்தியோகத்தரின் கதிரைக்குப் பக்கத்தில், இரண்டு மணித்தியாலமாக நின்றுகொண்டிருந்தார். மற்றவர் அந்தப் பாட்டில் பெயர் சொல்லித் திட்டப்பட்ட ராமையா கணக்கப்பிள்ளை. அவர் என் பெரியப்பா. இது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும்.

கண்டியில் இருக்கும் அந்தச் சிறிய தனியார் வானொலியில் இப்போது கேட்பு அறை என்று ஒன்று இல்லை. பாட்டைக் கணினிக்குக் கொடுத்தால் அது ஒரு சொற்பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்து, பச்சை அல்லது சிவப்பு காட்டுகிறதாம். அதனால் முப்பத்திரண்டு வயதில் நான் விருப்ப ஓய்வு பெற்றேன். விருப்பம் நிர்வாகத்தினுடையது. போன மாதம் அங்கே புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் என்னைத் தேடி, நான் இப்போது இருக்கும் அம்பிட்டியவுக்கு வந்தார்கள். "'அரைப்பேர்' பாட்டில் வருகிற அந்த மௌனம் உங்கள் வேலை என்று சொல்கிறார்கள், எப்படித் தோன்றியது?" என்று கேட்டார்கள். ஒருவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தே வைத்திருந்தார். வாயால் சொன்னால் நான் எதையாவது விட்டுவிடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன்.

எங்கள் குடும்பத்தில் உயர்தரப் பரீட்சை வரை போன முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் கைநாட்டு. பெரியப்பாவுக்கு இலக்கங்களும் ஆட்களின் பெயர்களும் எழுத வரும். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தை நிறுத்து எழுதும் கணக்கப்பிள்ளையாவதற்கு அது போதுமாயிருந்தது. என்னைக் கண்டியில் விடுதியில் சேர்த்ததும், சப்பாத்து வாங்கித் தந்ததும், மாதா மாதம் விடுதிக் கட்டணம் கட்டியதும் அவர்தான். வானொலியில் எனக்குப் பயிற்சி மூன்று மாதம். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காதில் மாட்டுவதை இன்னொருவருக்குக் கொடுக்கக்கூடாது, மழைநாளில் காதில் எண்ணெய் விடக்கூடாது என்ற இரண்டையும் கற்றுக்கொண்டேன்.

வேலை இதுதான். ஒரு பாட்டு வந்தால் நான் முதலில் தனியே இருந்து கேட்டு, பாடுகிறவர் சொல்வதை அப்படியே எழுதுவேன். திருத்தக்கூடாது. அவர் 'போச்சு' என்றால் 'போச்சு'. ஆளின் பெயர், ஊர், கடை, கட்சி, கடவுள் எது வந்தாலும் சிவப்புப் பேனையால் அடிக்கோடு இடுவேன். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து மூன்று தரம் கேட்போம். முதல் தரம் கையில் தாள் இல்லாமல். இரண்டாம் தரம் தாளோடு. மூன்றாம் தரம் மெடம் எழுந்து வெளியே போய், கதவைச் சாத்திக்கொண்டு, நடைவழியில் நின்று கேட்பார்.

நான் சேர்ந்த புதிதில் அது எதற்கு என்று கேட்டேன்.

"ரேடியோ கேக்கிற ஆக்கள்ல பாதிப் பேர் மத்த அறைல ஈக்காங்க, தம்பி. சோறு ஆக்கிறாங்க, உடுப்பு மடிக்கிறாங்க. அவங்கட காதுக்கு என்ன வருதோ அதுதான் பாட்டு. நம்மட காதுக்கு வாறது இல்ல."

மெடத்துக்குக் கண்டி நகரம்தான் ஊர்; 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' ஆகிவிடும். வாப்பாவுக்குத் துணிக்கடை இருந்தது. அவர் பாட்டுக் கேட்கும்போது தலையாட்டமாட்டார், விரல் தட்டமாட்டார். கைப்பையை நாலாவது கதிரையில் வைத்துவிட்டு, அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருப்பார். பாட்டு முடிந்ததும் மூன்றில் ஒன்றைச் சொல்வார். 'போகும்.' 'போகாது.' 'போகும், ஆனா.' இந்த மூன்றாவதுக்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

'ஆனா' என்றால் ஏதோ ஒரு சொல்லை எடுக்கவேண்டும். மற்ற இடங்களில் அந்த இடத்தில் ஒரு 'பீப்' சத்தம் போடுவார்கள். மெடம் விடமாட்டார்.

"பீப் போட்டா, கேக்கிறவன் அவனுக்குத் தெரிஞ்சதுலயே ஆகக் கெட்ட சொல்ல அதுல வெச்சுக் கேப்பான். பாடினவன் சொல்லாததையும் நாங்க சொன்னதா ஆயிரும்."

வெட்டிய இரண்டு முனையையும் ஒட்டவும் கூடாது. ஒட்டினால் பாட்டின் நீளம் குறையும், பின்னால் வரும் விளம்பரங்கள் இடம் மாறும். ஆகவே எடுத்த இடத்தை வெறுமையாக விடவேண்டும். அந்தப் பாட்டில் நடந்ததும் இதுதான். அதற்கு மேல் எந்தக் கலை நோக்கமும் அந்தக் கட்டடத்தில் இருக்கவில்லை.

யோகனின் பாட்டு மூன்று நிமிடத்துச் சொச்சம். தெல்தெனியவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில், பிறந்தவர் அவர். அப்போது கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை. தாளத்துக்கு, பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துத் தட்டிய சத்தத்தைத் தொலைபேசியில் பிடித்து, திரும்பத் திரும்ப ஓடவிட்டிருந்தார். அதன் மேல் ராகம் இல்லாமல், மூச்சு விடாமல், பேச்சுத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறார். முதல் பகுதியில் காலையில் மலைக்குப் போகுமுன் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுகிறார்கள். மூன்றாம் பகுதியில் அவர் கடையில் நிற்கிறார். எந்த ஊர் என்று கேட்பவர்களுக்கு, தன் தோட்டத்தின் பெயரைச் சொல்லாமல், பஸ் நிற்கும் சந்தியின் பெயரைச் சொல்கிறார். நடுப்பகுதியில் அவருடைய அம்மா கொழுந்தை நிறுக்கக் கொண்டுவருகிறார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், ஒரு நாளைக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் வைத்திருக்கும் அளவுக்குக் கொழுந்து குறைந்தால் அன்றைக்குப் பாதிச் சம்பளம்தான். அதற்கு அரைப்பேர் என்று பெயர். நிறுத்ததிலும், கூடையின் எடைக்கு, கொழுந்தில் ஒட்டிய தண்ணீருக்கு என்று கழிப்பார்கள். அந்த இடத்தில் வரும் நாலு வரி இவை:

பறிச்சது பதினெட்டு, எழுதுனது பதினாறு
கூடைக்கு ஒரு கிலோ, தண்ணிக்கு ஒரு கூறு
முழுப்பேரு போச்சு, எங்கம்மாவுக்கு அரைப்பேரு
ரெண்டு கிலோ தின்னவன் ராமையா கணக்கப்புள்ள

மூன்று வரி ஒரே ஓசையில் முடிந்து, நாலாவது வரி ஓசையை உடைத்துக்கொண்டு ஒரு பெயரில் போய் முட்டி நிற்கிறது. நான் அந்த வரியை எழுதியெடுத்தபோது இரண்டு தரம் திருப்பிக் கேட்டேன். விளங்காமல் அல்ல. தெல்தெனியவுக்கு மேலே, அந்தத் தோட்டத்தில், அந்தக் காலத்தில், ராமையா என்ற பெயரில் இரண்டு கணக்கப்பிள்ளைகள் இல்லை. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை நான் அவர் வீட்டில்தான் சாப்பிட்டேன். பெரியம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். பெயரின் கீழே சிவப்புக் கோடு போட்டேன். கோடு நேராகத்தான் விழுந்தது.

முதல் தரம் கேட்டு முடிந்ததும் சற்குணம் அண்ணர் காதுக் கருவியைக் கழற்றினார். அவர் யாழ்ப்பாணம். மிருதங்கம் படித்தவர்.

"மெடம், உது பாட்டோ? ஆரோ அவசரமாச் செய்தி வாசிக்கிறமாதிரிக் கிடக்கு."

"செய்தி நல்லாவா ஈக்கி?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஓம். செய்தி நல்லாத்தான் கிடக்கு."

இரண்டாம் தரம் தாளோடு கேட்டோம். மூன்றாம் தரம் மெடம் நடைவழியில் நின்றார். உள்ளே வந்து, பையை நகர்த்திவிட்டு, அந்த நாலாவது கதிரையில் உட்கார்ந்தார். அதற்கு முன் அவர் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"போகும்," என்றார். "ஆனா."

நான் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

"இந்த ராமையா கணக்கப்புள்ள மெய்யாவே ஈக்கிற ஆளா, பாட்டுக்கு வெச்ச பேரா? மெய்யான ஆள்னா, அவருட்ட இருந்து ஆட்சேபணை இல்லன்டு ஒரு கடிதம் வேணும். கடிதம் ஈந்தா பேரோட போகும். இல்லாட்டி பேர எடுக்கணும். தம்பி, கீழ போய் அந்தப் பொடியன்ட கேட்டுட்டு வாங்க. அட்ரஸ் ஈந்தா நாங்களே எழுதிக் கேப்போம்."

கீழே போனேன். யோகன் கடைச் சீருடையிலேயே வந்திருந்தார். என்னைவிட இரண்டு வயது குறைவாக இருக்கும்.

"அண்ணே, எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. எல்லாருக்கும் புடிச்சிருக்கு. அந்தப் பேருதான்."

"வெட்டிருவாங்களா?"

"வெட்டினா பரவாயில்லையா?"

அவர் பாதுகாப்பு உத்தியோகத்தரைப் பார்த்துவிட்டு, குரலைக் குறைத்தார். "அண்ணே, அந்த ஒரு பேரு ரேடியோவுல வரணும்னுதான் இந்தப் பாட்டையே எழுதுனேன். எங்கம்மா பன்னெண்டு வருஷம் அந்தாளு முன்னுக்குத் தலையக் குனிஞ்சிக்கிட்டு நின்னுச்சு. ஒரு நாளாவது அந்தாளு பேரு சத்தமா வரட்டும். மத்ததெல்லாம் அதுக்குச் சோடிச்சது."

"அவரு இப்ப எங்க இருக்காரு?"

"தெரியலண்ணே. வேலைய விட்டுட்டுத் தோட்டத்த விட்டே போயிட்டாரு. அட்ரஸ் எல்லாம் யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். நான் படியேறி மேலே போய், "அவருக்கு முகவரி தெரியாதாம், மெடம்," என்றேன். நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை. இதை நான் பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு படிவம் உண்டு. ஆட்சேபணை, காரணம், எடுக்கப்பட்ட சொற்கள், பெயர் குறிப்பிடப்பட்டவரின் முகவரி என்று கட்டங்கள். கடைசிக் கட்டத்தில் 'தெரியவில்லை' என்று எழுதினேன். யாருக்கு என்று அந்தப் படிவம் கேட்கவில்லை. மெடம் கையொப்பம் வைத்தார்.

சற்குணம் அண்ணர் வெட்டினார். யோகன் தந்த பென் டிரைவில் குரலும் தாளமும் தனித்தனியாக இருக்கவில்லை.

"ரண்டும் ஒண்டாக் கிடக்கு தம்பி. குரலை எடுத்தால் மேளமும் சேர்ந்து போகும். நாலு தட்டுக்கு ஒண்டும் கேளாது. பறவாயில்லையோ?"

"பரவாயில்லை அண்ணர்."

"எனக்கென்ன. நான் வெட்டுறன்."

இப்படித்தான் அது உண்டானது. 'ரெண்டு கிலோ தின்னவன்' என்று வந்து, நாலு தட்டுக்கு எதுவுமே இல்லாமல், பிறகு மூன்றாம் பகுதி தொடங்கும். முதல் தடவை ஒலிபரப்பானபோது நேரம் பார்த்துக்கொண்டிருந்த அறிவிப்பாளர் மின்சாரம் போய்விட்டதென்று எழுந்து நின்றுவிட்டார்.

பாட்டுக்கு ஆரம்பத்தில் கிடைத்த வரவேற்பைப் பற்றி: வராமலே இருந்திருக்கலாம். ஓர் ஆசிரியர் கடிதம் எழுதி, 'எழுதுனது' என்ற சொல்லைப் பிள்ளைகள் கேட்டால் பரீட்சையில் என்ன எழுதுவார்கள் என்று கேட்டார். ஒரு ஞாயிறு இதழில் பாட்டு விமர்சனம் எழுதுபவர், மெட்டு இல்லை, குரல் இல்லை, நடுவில் ஒலிப்பதிவும் பழுதாகியிருக்கிறது என்று மூன்று வரியில் முடித்துவிட்டார். அவர் சொன்னதில் மூன்றாவது சரி. ஒரு கலாசார மன்றம் மலையகப் பெண்களைத் தாழ்த்திக் காட்டுவதாகத் தீர்மானம் நிறைவேற்றியது. கேட்டவர்கள் தனியார் பஸ் ஓட்டுநர்களும் கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகளும்தான். அவர்கள் விமர்சனம் எழுதுவதில்லை. தொலைபேசி எடுத்து, "அந்தக் கூடைப் பாட்டைப் போடுங்க" என்பார்கள்.

ஐந்தாறு வருடம் போனது. அந்தப் பிள்ளைகளில் சிலர் பல்கலைக்கழகம் போனார்கள். பிறகு காற்று மாறியது. ஒரு சிற்றிதழில் பதினொரு பக்கக் கட்டுரை வந்தது. அதில் நாலு பக்கம் அந்த மௌனத்தைப் பற்றி. பாடகர் தனிமனிதர் ஒருவரைக் குற்றவாளியாக்க மறுத்து, முழு அமைப்பையும் அந்த வெற்றிடத்தில் நிறுத்துகிறார் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். இன்னொருவர் அதை மறுத்து, அது கொழுந்து பறிக்கும் பெண்ணின் மூச்சு வாங்கும் நேரம் என்றார். இருவருக்கும் அடுத்த மூன்று இதழ்களில் சண்டை. ஒரு கருத்தரங்கும் நடந்தது. நான் விடுமுறை எடுத்துக்கொண்டு போய்க் கடைசி வரிசையில் இருந்தேன். பேசிய ஒருவர் அந்த மௌனத்தை மேடையில் போட்டுக் காட்ட, அரங்கில் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். நானும் குனிந்துகொண்டேன். தேநீர் இடைவேளையில் கட்லட் கொடுத்தார்கள். ஒன்றுக்கு மேல் சாப்பிட மனம் வரவில்லை.

யோகன் இப்போது தெரிந்த பெயர். நேர்காணல்களில், அந்த இடத்தில் ஏன் பேசாமல் விட்டீர்கள் என்று கேட்டால், "சில விஷயத்தச் சொல்லாம விட்டாத்தான் சத்தம் அதிகம்" என்பார். எனக்கு அதைக் கேட்க நிம்மதியாக இருந்தது. அவருக்கே பிடித்துவிட்டது, இனி யாருக்கு நட்டம் என்று நினைத்தேன்.

ஒன்பது வருடம் கழித்து ஒரு நாள் மத்தியானம் அவர் என்னைத் தேடி வந்தார். கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம்.

"அண்ணே, ஒரு உதவி. அந்தப் பேர மறுபடி வைக்கணும்."

"ஏன்? அந்த மௌனம்தானே இப்ப..."

"எல்லாருக்கும் அதுதான் புடிச்சிருக்கு. எங்கம்மாவுக்கு மட்டும் புடிக்கல. இத்தன வருஷத்துல அது இந்தப் பாட்ட ஒரு தரம்தான் கேட்டுச்சு. 'அந்தாளு பேரச் சொல்லப் பயந்துட்டியா'ன்னு கேட்டுச்சு. அவ்வளவுதான். அதுக்குப் பொறகு பாட்டு வந்தா எந்திரிச்சு வெளிய போயிரும். நான் எவ்வளவு பெரிய ஆளுன்னு அயல்ல சொன்னாலும், 'அவன் பயந்தாங்கொள்ளி'ங்கும்."

"வெட்டினது நாங்கதான்னு சொல்லலையா?"

"சொன்னேன். 'நீ பேட்டில வேற மாதிரி சொல்றியே'ன்னுச்சு."

நான் தேநீரைக் கலக்கினேன். அதில் சீனி கரைந்து வெகுநேரமாகியிருந்தது.

"உங்க மெடத்தப் போய்ப் பாத்தேன்," என்றார் யோகன். "பழைய பைல எடுத்துப் பாத்தாங்க. அந்தாளுகிட்ட லெட்டர் வாங்கினா இப்பயும் போடலாமாம். 'அட்ரஸ் தெரியல்லன்டு எழுதி ஈக்கே'ன்னாங்க. அண்ணே, நீங்க எத்தன பேரப் பாத்தவரு. அந்தாள எப்படியாச்சும் தேடிக் குடுங்க."

"தேட வேண்டியதில்ல," என்றேன். "அவர் என் பெரியப்பா. தெல்தெனியவுல இருக்கார். அன்னைக்கே தெரியும்."

யோகன் கடித்துக்கொண்டிருந்த ரோல்ஸைத் தட்டில் வைத்தார்.

"அவரு யாரையோ படிக்க வச்சாருன்னு லயத்துல சொல்வாங்க. அது நீங்களா?"

"ஆமா."

"ம்." பக்கத்து மேசையில் ஒருவர் பில் கேட்டுக்கொண்டிருந்தார். "எழும்பி உங்களுக்கு ஒண்ணு வைக்கணும்னு தோணுது அண்ணே. ஆனா ஒன்பது வருஷமா நான் அத என் ஐடியான்னு சொல்லி மாலை வாங்கிக்கிட்டு இருக்கேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அடிக்கிறது?"

"அடிச்சா தப்பில்ல."

"வேணாம். எப்ப போகலாம் அவர் வீட்டுக்கு?"

போகுமுன் நான் மெடத்திடம் போய் உண்மையைச் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து பைலை எடுத்தார். படிவத்தை மேசையில் வைத்து என் பக்கம் திருப்பினார்.

"ஒரு கோட்டால வெட்டுங்க. கீறிக் கிழிக்காதீங்க, முந்தி என்ன எழுதினதுன்டு தெரியணும். மேல அட்ரஸ் எழுதுங்க. பக்கத்துல சின்னக் கையொப்பம், தேதி. இன்டைக்குத் தேதி, அன்டைக்குத் தேதி இல்ல."

நான் அப்படியே செய்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, பைலைக் கட்டினார்.

"நான் அன்டைக்கே உங்களக் கீழ அனுப்பி ஈக்கக் கூடாது," என்றார். "சற்குணத்த அனுப்பி ஈக்கணும். என்ட பிழை." ஏசியிருந்தால் நன்றாயிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நானும் யோகனும் தெல்தெனியவில் இறங்கினோம். பெரியப்பாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. கண் கொஞ்சம் மங்கல், காது தெளிவு. பெரியம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தார். யோகனை என்னோடு வேலை செய்பவர் என்று நினைத்து, "வாங்க தம்பி, சாப்பிட்டுத்தான் போகணும்," என்றார். யோகன் தன் அம்மாவின் பெயரையும் லயத்தின் இலக்கத்தையும் சொன்னார். பெரியம்மா தட்டத்தோடு உள்ளே போய்விட்டார்.

பெரியப்பா மட்டும் அசையவில்லை. "மாரியாயி மகனா? கடைசியா நீ டவுசரோட திரிஞ்ச," என்றார்.

யோகன் வெட்டப்படாத பழைய பாட்டைத் தொலைபேசியில் போட்டார். அது அவரிடம் எப்போதும் இருந்தது. பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டார். தன் பெயர் வந்த இடத்தில் முகத்தில் எதுவும் மாறவில்லை. பாட்டு முடிந்தது. உள்ளே பாத்திரம் ஒன்று வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

நான் கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். 'ரெண்டு கிலோ தின்னவன்' என்ற இடத்தில் தன் பெயர் ஒலிபரப்பாவதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று மூன்று வரி.

"இதுல கையெழுத்துப் போட முடியாது," என்றார்.

யோகன் எழுந்தார். "பரவால்லைங்க. தெரிஞ்சதுதான்."

"ஒக்காரு. கணக்கு பிழை. பிழையான கணக்குல நான் கையெழுத்துப் போடுறதில்ல."

"என்ன பிழை?"

"ரெண்டு கிலோ நான் தின்னது இல்ல. கூடைக்கு ஒண்ணு, தண்ணிக்கு ஒண்ணு. அது தோட்டத்துத் தொர சொன்னது. எல்லாத் தோட்டத்துலயும் உள்ளது. அது தோட்டத்துக்குப் போச்சு." அவர் தன் தேநீரைக் கொஞ்சம் குடித்தார். "ஒங்கம்மா பறிச்சது பதினெட்டு இல்ல. பத்தொம்போது. நான் தராசப் பாத்து எத்தன கிலோன்னு சத்தம் போடுறப்பவே ஒரு கிலோவக் கொறச்சுத்தான் போடுவேன். அந்த ஒண்ணுதான் எனக்கு. அத என் சம்சாரம் பேருல எழுதுவேன், அப்ப இவளும் கொழுந்து பறிச்சவதான். இவளுக்கு மேலதிகக் கிலோவுக்குக் காசு வரும்."

"எல்லாருகிட்டயுமா?" என்று யோகன் கேட்டார்.

"எல்லாருகிட்டயும் எடுத்தா தெரிஞ்சிரும். தராசுல இலக்கம் வாசிக்கத் தெரியாத, சத்தம் போடாத ஆளுகளாப் பாத்து."

உள்ளேயிருந்து பெரியம்மாவின் குரல் வந்தது. "சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க. அந்தக் காசுல எவன் ஆஸ்டல்ல இருந்து படிச்சான்னும் சேத்துச் சொல்லுங்க. அதையும் பாட்டுல போடட்டும்."

நான் கடிதத்தின் ஓரத்தை மடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அப்பா அந்தக் கட்டணத்தைப் பற்றி ஒரு நாளும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

யோகன் தொலைபேசியைச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அது வேணாம்," என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார். "அதுக்கு ஓசை வராது."

"மத்தத மாத்து," என்றார் பெரியப்பா. "பத்தொம்போது, மூணு. ரெண்டு தோட்டத்துக்கு, ஒண்ணு ராமையாவுக்கு. முடியாட்டி மூணையும் என் பேருலயே போடு, அதுக்குக் கையெழுத்துப் போடுறேன். எழுதினது நான்தானே. ரெண்டுன்னு மட்டும் போடாத."

கடிதத்தில் இருந்த 'ரெண்டு' என்பதை நான் கையால் 'மூணு' என்று திருத்தினேன். ஒரு கோட்டால் வெட்டி, மேலே எழுதி, சின்னக் கையொப்பம், அன்றைய தேதி. பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தார். பிறகு, ஆட்களின் பெயர்களை எழுதிய அதே எழுத்தில், தன் பெயரை எழுதினார். நாங்கள் அங்கே சாப்பிடவில்லை. யாரும் மறுபடி சொல்லவில்லை.

யோகனின் குரல் இந்த ஒன்பது வருடத்தில் தடித்துவிட்டது. பழைய பாட்டில் இரண்டு சொல்லை மட்டும் ஒட்டினால், வேறு ஆள் நடுவில் புகுந்து பேசியதுபோல் இருந்தது. ஆகவே அந்த நாலு வரியையும் புதிதாகச் சொல்லவேண்டி வந்தது. அதே மாதிரி ஒரு கூடையையும் தேடி வாங்கித் தட்டினோம். சற்குணம் அண்ணர் ஓய்வு பெற்றிருந்தும், வந்து பக்கத்தில் உட்கார்ந்து தாளத்தைச் சரிபார்த்தார். "உது பாட்டுத்தான்," என்றார். அவ்வளவு காலத்துக்குப் பிறகு.

பறிச்சது பத்தொம்போது, எழுதுனது பதினாறு. மூணு கிலோ தின்னவன் ராமையா கணக்கப்புள்ள. அப்படியே ஒலிபரப்பானது.

விமர்சகர்களுக்குப் பிடிக்கவில்லை. முன்பு சண்டை பிடித்த அதே இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள். ஒரு மகத்தான மௌனத்தைப் பாடகரே மலிவான தனிமனிதத் தாக்குதலாகக் குறைத்துவிட்டார் என்று ஒருவர் எழுதினார். எண்ணிக்கையை இரண்டிலிருந்து மூன்றாக்கியது மிகைப்படுத்தல், அதனால் நம்பகத்தன்மை போய்விட்டது என்று மற்றவர் எழுதினார். இன்றைக்கும் பெரும்பாலான இடங்களில் பழையதைத்தான் போடுகிறார்கள். என்னைத் தேடி வந்த இருவரும் புதியதைக் கேட்டிருக்கவில்லை.

யோகனின் அம்மா கேட்டார். வீட்டில் வானொலிக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து கேட்டாராம். பெயர் வந்ததும் மகனைப் பார்த்துத் தலையசைத்தாராம். பிறகுதான், "மூணு எங்கருந்து வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். யோகன் விளக்கிச் சொல்லியிருக்கிறார்.

"அப்பறம் என்ன சொன்னாங்க?" என்று நான் தொலைபேசியில் கேட்டேன்.

"'தராசுலேருந்து நான் ஒரு நாளும் கண்ண எடுக்கலயே'ன்னுச்சு அண்ணே. அதையே ரெண்டு மூணு தரம் சொல்லிச்சு. இப்பயும் சொல்லிக்கிட்டு இருக்கு."

பெரியம்மா என்னோடு பேசுவதில்லை. பெரியப்பா பேசுகிறார், அவர் வீட்டில் வைத்து இல்லை, சந்தையில் கண்டால். புதிய பாட்டு ஒலிபரப்பான அடுத்த மாதம் விருப்ப ஓய்வுப் பட்டியல் வந்தபோது முதலாவது பெயர் என்னுடையது. இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக யாரும் சொல்லவில்லை. மற்றபடி, அந்த நாலு வரிக்கு இரண்டு மணித்தியால ஸ்டூடியோ வாடகை, சற்குணம் அண்ணருக்கு வான் கூலி, புதுக் கூடை ஒன்று. நானும் யோகனும் பாதி பாதி போட்டோம். மொத்தம் எட்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய்.